ஒரே வட்டில் பல இயங்குதளங்கள்: முதல் அடியை எடுத்து வைப்பது யார்?



பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனால், அங்கிருக்கும் தம்பி ஒரு பென் டிரைவைச் செருகுவார். கணினியைப் போட்டதும் திரையில் ஒரு பட்டியல் வரும். விண்டோஸ் 7, விண்டோஸ் 10, உபுண்டு, நினைவகத்தைச் சோதிக்கும் கருவி என்று ஏழெட்டுப் பெயர்கள். எது வேண்டுமோ அதை அம்புக்குறியால் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் போதும். பென் டிரைவ் வருவதற்கு முன்பு இதே வேலையை ஒரு சி.டி செய்தது.

"இதில் என்ன சார் அதிசயம்? இடம் இருந்தால் நாலு கோப்புகளைக் காப்பி பண்ணி வைத்துவிடலாமே" என்று கேட்பார்கள். அப்படி வைத்தால் கோப்புகள் வட்டில் இருக்கும், கணினி எழுந்திருக்காது. ஒரு வட்டில் பல இயங்குதளங்களை வைப்பதில் இடம் ஒரு பிரச்சினையே அல்ல. கணினி விழித்ததும் முதல் அடியை யார் எடுத்து வைப்பது என்பதுதான் பிரச்சினை. அந்த முதல் அடிக்காக நாற்பது ஆண்டுகளாக நடக்கும் இழுபறிதான் இந்தப் பதிவு.

*முதல் 512 பைட்*

கணினிக்கு மின்சாரம் கொடுத்த நொடியில் அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. மதர்போர்டில் ஒரு சிப்பில் எழுதி வைத்திருக்கும் சிறிய நிரல் மட்டும் விழித்திருக்கும். அதற்கு பயாஸ் என்று பெயர். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம் நிறுவனம் தன் பி.சி-யை வெளியிட்டபோது பயாஸுக்கு எளிமையான ஒரு வேலையைக் கொடுத்தது. பிளாப்பியின் முதல் செக்டாரைப் படித்து நினைவகத்தில் வை, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள். அவ்வளவுதான். செக்டார் என்பது வட்டில் ஒரே தடவையில் படிக்கும் ஒரு துண்டு. அன்றைய பிளாப்பியில் அது 512 பைட்.

அந்தச் சின்னத் துண்டு அடுத்த பெரிய துண்டை அழைக்கும். அது இயங்குதளத்தை அழைக்கும். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கையான பேச்சு உண்டு. 'பூட்' என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான்.

1983 மார்ச்சில் 10 எம்.பி ஹார்டு டிஸ்குடன் ஐ.பி.எம் எக்ஸ்.டி வந்தது. கூடவே டாஸ் 2.0 வந்தது. ஹார்டு டிஸ்கின் முதல் 512 பைட்டை அவர்கள் பிரித்த விதத்தை நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். 446 பைட் நிரலுக்கு, 64 பைட் பாகப்பிரிவினைப் பட்டியலுக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. பட்டியலில் நான்கு வரிகள், ஒவ்வொன்றும் 16 பைட். அதாவது ஒரே வீட்டில் நான்கு குடித்தனம் இருக்கலாம். டாஸ் ஒரு பாகத்தில், வேறொரு இயங்குதளம் இன்னொரு பாகத்தில்.

ஆனால் அந்த நான்கில் ஒன்றில்தான் 'இதுதான் நடப்பில் உள்ளது' என்ற குறி இருக்கும். பயாஸ் அழைத்த நிரல் அந்தக் குறியைப் பார்த்து அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டும். குறியை மாற்றத் தெரிந்தவர்தான் வீட்டு எஜமான்.

*கதவு இல்லாத சி.டி*

இசை சி.டி 1982-இல் விற்பனைக்கு வந்தது. அதே வட்டில் பாட்டுக்குப் பதில் தரவை எழுதினால் சுமார் 650 எம்.பி கொள்ளும். ஹார்டு டிஸ்க்கே 10, 20 எம்.பி இருந்த காலம் அது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி கோப்புகளை அடுக்கியது. ஒருவர் எழுதிய சி.டி-யை இன்னொருவர் கணினி படிக்காது.

1985 நவம்பரில் அமெரிக்காவின் டாஹோ ஏரிப் பகுதியில் ஹை சியரா என்ற சூதாட்ட விடுதியில் பல நிறுவனங்களின் ஆட்கள் கூடிப் பேசினார்கள். அங்கே தொடங்கிய பேச்சுதான் வளர்ந்து, 1988-இல் ஐ.எஸ்.ஓ 9660 என்ற உலகத் தரமானது. ஒரு வட்டை முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை அப்படியே நகலெடுத்த ஒற்றைக் கோப்பை இன்று 'ஐ.எஸ்.ஓ' என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் இந்தத் தரத்திலிருந்து ஒட்டிக்கொண்டது.

சி.டி-யில் ஒரு செக்டார் 2048 பைட். ஐ.எஸ்.ஓ 9660 எழுதியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். முதல் 16 செக்டாரை, அதாவது 32,768 பைட்டை, எதற்கும் ஒதுக்காமல் விட்டார்கள். அதில் என்ன இருக்க வேண்டும் என்று தரம் எதுவும் சொல்லவில்லை. வட்டைப் பற்றிய விவரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். இந்த 32 கே.பி காலி இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

இவ்வளவு செய்தும் பி.சி-யில் சி.டி பூட் ஆகவில்லை. பயாஸுக்கு பிளாப்பி தெரியும், ஹார்டு டிஸ்க் தெரியும், சி.டி தெரியாது. 1992-இல் வந்த இக்டிராசில் என்ற லினக்ஸ் தொகுப்பு சி.டி-யிலிருந்தபடியே இயங்கக்கூடியது. ஆனால் தொடங்கி வைக்க ஒரு பிளாப்பி வேண்டும். கடையில் விற்ற விண்டோஸ் 95 சி.டி-க்கும் அதே கதிதான். அந்த ஒரு பிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டால் அத்தனை பெரிய சி.டி கையில் இருந்தும் பயனில்லை. அந்தக் காலத்தில் கணினியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புரியும்.

*குட்டிக் காளை*

1995 ஜனவரியில் பீனிக்ஸ், ஐ.பி.எம் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அதன் பெயர் எல் டோரிட்டோ. ஸ்பானிய மொழியில் 'குட்டிக் காளை' என்று பொருள். கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் இருந்த ஒரு மெக்சிகன் உணவகத்தின் பெயர் அது. அந்த உணவகத்தின் நினைவாக வைத்த பெயர் என்று சொல்வார்கள்.

அவர்கள் செய்தது அழகான ஒரு ஏமாற்று வேலை. ஒரு பிளாப்பியின் முழு நகலை சி.டி-க்குள் ஒரு கோப்பாக வை. 17 என்ற எண்ணுள்ள செக்டாரில் ஒரு குறிப்பு எழுது. பயாஸ் அந்தக் குறிப்பைப் பார்த்து, நகல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, 'ஏ டிரைவில் பிளாப்பி போட்டிருக்கிறார்கள்' என்பது போல நடிக்கும். இயங்குதளம் அதை நம்பி எழுந்துவிடும். இப்படி நடிக்காமல், சி.டி-யிலிருந்து நேரடியாகவே நிரலை நினைவகத்துக்கு ஏற்றும் இன்னொரு முறையையும் அதே ஆவணத்தில் சேர்த்தார்கள். 1996-இல் வந்த விண்டோஸ் என்.டி 4.0 சி.டி, பிளாப்பி இல்லாமலே பூட் ஆனது.

நம் கதைக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். அந்த 17-ஆம் செக்டார் குறிப்பு ஒரு பதிவேட்டைக் காட்டும். பதிவேட்டில் 32 பைட் வரிகள். முக்கியமான வரி, கேட்காமலே தொடங்கும் இயல்புத் தேர்வு. அதற்குக் கீழே இன்னும் பல வரிகள் எழுதலாம். ஆக, ஒரே சி.டி-யில் பல இயங்குதளங்கள் இருக்கலாம் என்பதை முதல் நாளே யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் பயாஸ் எழுதிய நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த இயல்புத் தேர்வு வரியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டன. மற்ற வரிகளை யாரும் சீந்தவில்லை. சாப்பாட்டுக் கடையில் நீளமான மெனு அச்சடித்து வைத்திருந்தும், சர்வர் முதல் ஐட்டத்தை மட்டுமே கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி.

ஆர்வலர்கள் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதல் வரியில் இயங்குதளத்தை வைக்காதே, பட்டியல் காட்டும் ஒரு சின்ன நிரலை வை. பயாஸ் அதை அழைக்கும், அது பயனரைக் கேட்கும். பீட்டர் ஆன்வின் 1994-இல் தொடங்கிய சிஸ்லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஐசோலினக்ஸ், எரிக் போலின் 1995-இல் எழுதத் தொடங்கிய கிரப் ஆகியவை இந்த வேலையைச் செய்த நிரல்கள். சர்வர் கேட்க மறுத்த கேள்வியை, மேசைக்கு வந்த முதல் ஐட்டமே கேட்டது.

*ஒரு புத்தகம், இரண்டு அட்டை*

பட்டியல் வந்துவிட்டது. அடுத்தது இடம். 700 எம்.பி சி.டி-யில் விண்டோஸ் எக்ஸ்பி ஹோம், புரொபஷனல் இரண்டையும் எப்படி அடைப்பது?

நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை இருக்கும். அட்டை இரண்டு, புத்தகம் ஒன்று. ஐ.எஸ்.ஓ 9660-இலும் அப்படித்தான். கோப்புப் பட்டியலில் இருப்பது, 'இந்தப் பெயர் கொண்ட கோப்பு இந்த செக்டாரில் தொடங்குகிறது, நீளம் இவ்வளவு' என்ற குறிப்பு மட்டும். இரண்டு பதிப்புகளிலும் பெரும்பாலான கோப்புகள் ஒன்றேதான். இரண்டு பெயர்களையும் ஒரே செக்டாருக்குத் திருப்பிவிட்டால் இடம் மிச்சம். வட்டின் படிமத்தை உருவாக்கும் நிரல், ஒரே மாதிரியான கோப்புகளைத் தானே கண்டுபிடித்து இப்படி இணைத்துவிடும். உள்ளே இருப்பவற்றின் அளவைத் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் வட்டின் அளவைவிட அதிகமாக வரும். மாணவர்கள் இதைக் கண்டு திகைத்துப் போவார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதல் பாதியில் எல்லாம் பயாஸ் வழியாக நடக்கும். இயங்குதளத்தின் மையப் பகுதி நினைவகத்தில் ஏறியதும் அது பயாஸை விட்டுவிட்டுத் தன் சொந்த டிரைவர்களோடு வட்டைத் தேடத் தொடங்கும். 'என் கோப்புகள் வட்டின் தலைவாசலில் இருக்கும்' என்று அது நம்பியிருக்கும். நாமோ அதைக் கொண்டுபோய் மூன்றாவது அறையில் வைத்திருப்போம். பாதி வழியில் வட்டே இல்லை என்று சொல்லி நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் 'உன் சாமான் இந்த அறையில் இருக்கிறது' என்று தொடக்கத்திலேயே சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பல இயங்குதள வட்டு செய்பவரின் உழைப்பில் பெரும்பகுதி இந்தச் சீட்டு எழுதுவதில்தான் போகிறது.

2000-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ், இந்த வித்தையின் பயனை உலகுக்குக் காட்டியது. சுமார் 2 ஜி.பி மென்பொருளைச் சுருக்கி ஒரே சி.டி-யில் அடைத்து, ஹார்டு டிஸ்கைத் தொடாமலே முழு லினக்ஸை ஓட்டியது. விண்டோஸ் எழுந்திருக்காத கணினியிலிருந்து திருமணப் புகைப்படங்களையும் கடைக் கணக்குகளையும் மீட்டெடுத்த எத்தனையோ பேருக்கு இப்படிப்பட்ட சி.டி கைகொடுத்திருக்கிறது.

*மறைக்கப்பட்ட பட்டியல்*

இவ்வளவும் தொழில்நுட்பம். இதன் அரசியலையும் சொல்லாமல் போனால் பாடம் பாதிதான்.

ஆப்பிளிலிருந்து வெளியே வந்த ழான் லூயி கஸ்ஸே தொடங்கிய பி நிறுவனம், பி.ஓ.எஸ் என்ற வேகமான இயங்குதளத்தை உருவாக்கியது. "விண்டோஸை எடுக்க வேண்டாம், பக்கத்தில் எங்களுடையதையும் வையுங்கள், பயனர் தேர்ந்தெடுக்கட்டும்" என்பதுதான் அவர்கள் கணினி நிறுவனங்களிடம் கேட்டது. ஜப்பானில் ஹிட்டாச்சி தன் கணினி ஒன்றில் இரண்டையும் நிறுவி விற்றது. ஆனால் கணினியைப் போட்டால் பட்டியல் வராது, நேராக விண்டோஸ் வரும். பி.ஓ.எஸ் ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருந்தது. அங்கே போக வழி மட்டும் இல்லை. வாங்கியவர் தானாகத் தேடிப் படித்து அதை எழுப்பிக்கொள்ள வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் தன் உரிம ஒப்பந்தங்களின் மூலம் கணினி நிறுவனங்களை இப்படிக் கட்டிப்போட்டது என்று பி நிறுவனம் 2002 பிப்ரவரியில் வழக்குப் போட்டது. 2003 செப்டம்பரில் 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் ஆனது. தவறு செய்ததாக மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2001-லேயே, பி நிறுவனம் தன் சொத்துகளை பாம் நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருந்தது. பணம் வந்தபோது இயங்குதளம் உயிரோடு இல்லை.

446 பைட் நிரலில் யார் பெயர் முதலில் என்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

*காலி அறைக்கு வந்த குடித்தனம்*

2007, 2008 வாக்கில் சி.டி டிரைவே இல்லாத சின்ன லேப்டாப்கள் வந்தன. ஐ.எஸ்.ஓ கோப்புகளோ சி.டி-க்காகச் செய்யப்பட்டவை. பென் டிரைவை பயாஸ் ஹார்டு டிஸ்க் மாதிரிப் பார்க்கும். அதன் முதல் 512 பைட்டைத் தேடும். ஐ.எஸ்.ஓ-வில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை. அந்த 32 கே.பி காலி இடம்!

90-களிலேயே மேக், பி.சி இரண்டிலும் படிக்கக்கூடிய சி.டி செய்தவர்கள், ஆப்பிளின் பாகப்பிரிவினைப் பட்டியலை அந்தக் காலி இடத்தில்தான் வைத்தார்கள். 2008-இல் சிஸ்லினக்ஸ் குழுவினர் ஐசோஹைப்ரிட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 1983-இன் 512 பைட் அமைப்பை அந்தக் காலி அறையில் குடிவைத்தார்கள். அதே கோப்பை சி.டி-யில் எழுதினால் பயாஸ் 17-ஆம் செக்டாருக்குப் போகும். பென் டிரைவில் எழுதினால் முதல் செக்டாரைப் பார்க்கும். எந்த வாசலில் வந்தாலும் வீடு திறக்கும்.

எல் டோரிட்டோவில் யாரும் படிக்காத அந்தக் கூடுதல் வரிகளுக்கும் விடிவு வந்தது. பயாஸுக்குப் பதிலாக யு.இ.எஃப்.ஐ வந்தபோது, பதிவேட்டில் ஒரு வரி பழைய பயாஸுக்கு, இன்னொரு வரி யு.இ.எஃப்.ஐ-க்கு என்று எழுதத் தொடங்கினார்கள். இன்று நீங்கள் இறக்கும் பிரபலமான லினக்ஸ் ஐ.எஸ்.ஓ கோப்புகளில் இந்த இரண்டு வரிகளும் இருக்கும். விதை போட்டவர்கள் 1995-இல், அறுவடை பதினைந்து ஆண்டுகள் கழித்து.

அதன் பிறகு வேலை மிக எளிதாகிவிட்டது. கிரப் நிரலின் புதிய பதிப்பு, ஐ.எஸ்.ஓ கோப்பைப் பிரிக்காமலே அதன் உள்ளே எட்டிப் பார்க்கும். 2020-இல் வெளிவந்த வென்டாய், பென் டிரைவில் ஐ.எஸ்.ஓ கோப்புகளை வெறுமனே காப்பி செய்தாலே பட்டியல் போட்டுத் தருகிறது. நான் மேலே சொன்ன அந்த 'சீட்டு எழுதும்' வேலையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. 'நாலு கோப்புகளைக் காப்பி பண்ணினால் போதுமே' என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் சொல்ல இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கிறது.

*சாவி யாரிடம்?*

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது செக்யூர் பூட் பரவலானது. முதல் அடி எடுத்து வைக்கும் நிரலுக்கு நம்பகமான கையொப்பம் இருந்தால்தான் கணினி அதை ஓட விடும். வைரஸ் அந்த முதல் இடத்தில் புகுந்துகொண்டால் எந்தப் பாதுகாப்பும் பயன்படாது என்பதால் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பெரும்பாலான கணினிகளில் பதிந்து வந்த சாவி மைக்ரோசாஃப்டுடையது. மேத்யூ காரட் என்ற நிரலாளர் ஷிம் என்ற சிறிய இடைநிரலை எழுதினார். மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற ஷிம் முதலில் நுழையும், அது லினக்ஸை அழைக்கும். வழி கிடைத்தது, ஆனால் அடுத்தவர் கையொப்பத்தோடு. சாதாரண பி.சி-யில் செக்யூர் பூட்டைப் பயனர் அணைத்துக்கொள்ளலாம் என்ற விதியும் அப்போது இருந்தது. ஏ.ஆர்.எம் சிப் உள்ள விண்டோஸ் கருவிகளில் அந்த உரிமை கொடுக்கப்படவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, மாணவர்களுக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. ஜப்பானில் மறைத்து வைத்த பட்டியல், நம் கிராமத்துப் பிள்ளைகளின் திரையில் வெளிப்படையாக வந்தது. நான் பார்த்த வரையில் பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸைத்தான் தட்டினார்கள். பாட்டும் படமும் பழக்கமும் அங்கே இருந்தன. ஆனால் ஒன்றிரண்டு பேர் 'இது என்ன?' என்று இன்னொரு வரியைத் தட்டிப் பார்த்தார்கள். அப்படித் தட்டிப் பார்த்த ஒரு மாணவி இன்று சர்வர் நிர்வாகியாக வேலை செய்கிறாள். எல்லாரும் தட்ட வேண்டும் என்பதில்லை. தட்ட நினைக்கிறவருக்கு அந்த வரி திரையில் இருக்க வேண்டும்.

ஆசிரியராக நான் இதில் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. 1988-இல் 16 செக்டாரைக் காலியாக விட்டவர்களுக்கு பென் டிரைவ் தெரியாது. 1995-இல் கூடுதல் வரிகளுக்கு இடம் கொடுத்தவர்கள் யு.இ.எஃப்.ஐ-யைப் பார்த்ததில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு என்று கொஞ்சம் இடம் விட்டார்கள், அவ்வளவுதான். அதனால்தான் இந்தச் சின்னப் பட்டியல் இன்னும் நம் திரையில் வருகிறது.

செய்து பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு மூன்று வார்த்தை. ஐ.எஸ்.ஓ கோப்பை அந்தந்த இயங்குதளத்தின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், செக்சம் எண் ஒத்துப் போகிறதா என்று சரிபாருங்கள். பென் டிரைவைத் தயார் செய்தால் அதில் உள்ளவை அழியும், முதலில் காப்பி எடுத்து வையுங்கள். எந்த வட்டில் எழுதுகிறோம் என்று இரண்டு முறை பார்த்த பிறகே என்டர் தட்டுங்கள்.

உங்கள் கணினியில் முதன்முதலில் விண்டோஸ் அல்லாத ஒன்றை எதைக் கொண்டு பூட் செய்தீர்கள்? பிளாப்பியா, நாப்பிக்ஸ் சி.டி-யா, பென் டிரைவா? கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.